பிள்ளைப்பேற்றுச் செலவு யார் தலையில்? வாசகியர் இருவரின் கேள்விகள்

கேள்வி: என் தங்கச்சி கலியாணம் செய்து அமெரிக்கா போய் ஒன்றரை வருடம். இப்போது நாலு மாதம். போன கிழமை மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது, அதோடு காப்புறுதியும் போய்விட்டது. பிள்ளைப்பேற்றுக்கு அங்கே எவ்வளவு கேட்பார்களோ என்று அம்மா அழுதபடி இருக்கிறா. அரச காப்புறுதி என்று ஒன்று இருக்கிறதாமே, இவளுக்குக் கிடைக்குமா?
- ஒரு வாசகி, உவர்மலை

பதில்: அம்மாவின் பயம் நியாயமானது, ஆனால் வழி இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டது மெடிக்கெய்ட். 1965இல் வந்த திட்டம், வருமானம் குறைந்தவர்களுக்கானது. அந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேரின் பிரசவச் செலவை அதுதான் கட்டுகிறது. கிரீன் கார்ட் (நிரந்தர வதிவிட அட்டை) எடுத்தவர்கள் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்றாலும், கர்ப்பிணிகளுக்கு அந்தக் காத்திருப்பைத் தள்ளிவிட 2009ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது, பல மாநிலங்கள் அப்படியே செய்தன. எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. அதை வைத்துத்தான் பதில் மாறும், ஆகவே அவளை இன்றைக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அது சரிவராவிட்டால், வேலையோடு காப்புறுதி போனவர்கள் 60 நாளுக்குள் சந்தைக் காப்புறுதியில், அதாவது தனியார் காப்புறுதிகளை ஒப்பிட்டு வாங்கச் சட்டப்படி வைத்த சந்தையில், சேரலாம். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் மகப்பேறு கட்டாயம் அடங்கும், கர்ப்பத்தைக் காரணம் காட்டி மறுக்கவும் முடியாது. இந்த 60 நாளைத் தவற விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று. முன்பு மெடிக்கெய்ட் பிரசவம் முடிந்து 60 நாளோடு தாயைக் கைவிட்டுவிடும். இரத்த அழுத்தம், பிள்ளை பிறந்தபின் வரும் மனச்சோர்வு எல்லாம் 60 நாள் கணக்குப் பார்த்தா வருகின்றன? 2021இல் வந்த சட்டம் அதை 12 மாதமாக்க மாநிலங்களுக்கு வழி திறந்தது, 2022 கடைசியில் அது நிரந்தரமானது. என்னைக் கேட்டால், பிரசவ அறைக்குப் பணம் கட்டுவதைவிட இந்தப் பன்னிரண்டு மாதம்தான் பெரிய காரியம்.

கேள்வி: மூதூரில் ஒரு புடவைக்கடையில் ஏழு வருடமாக நிற்கிறேன். மூன்றாவது பிள்ளை தரித்திருக்கிறது. "மூன்றாவதுக்குப் பாதி லீவுதான்" என்கிறார் முதலாளி. ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனால் சம்பளம் நின்றால் என்ன செய்வது?
- ஒரு வாசகி, மூதூர்

பதில்: முதலாளி சொல்வது பழைய கணக்கு, தங்கச்சி. முன்பு முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள், அதற்குப் பிறகு 42 நாள். இலங்கையின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள், சம்பளத்தோடு. வார விடுமுறையும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் இதில் சேராது. கர்ப்பம் என்பதற்காக வேலையால் நிறுத்தவும் முடியாது.

நம் நாட்டில் கிளினிக்கும் பிரசவமும் இலவசம், குடும்பநல மிஸ் (மருத்துவிச்சி) வீடு தேடி வருகிறா. கிண்ணியாவில் வலி கண்டவளைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றிக் களப்பைக் கடத்திய காலமும் 2009இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. மிச்சமிருப்பது நீங்கள் கேட்ட அந்தச் சம்பளம்தான். அதை முழுக்க முதலாளியின் தலையில் சட்டம் வைத்திருக்கிறது. இரண்டு பேர் வேலை செய்யும் சின்னக் கடைக்காரர் இதனாலேயே கலியாணமான பெண்ணை எடுக்கத் தயங்குகிறார். கருவாடு காயவைத்து நாட்கூலி வாங்கும் பெண்ணுக்கோ முதலாளி என்று ஒருவரே நிலையாக இல்லை, அவளிடம் 84 நாள் என்று சொல்லி என்ன பயன்?

இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்ட 103ஆம் இலக்க சர்வதேச தொழில் சமவாயம், இந்தச் செலவுக்கு முதலாளியைத் தனியே பொறுப்பாக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. பொதுக் காப்புறுதி நிதியிலிருந்தோ அரச பணத்திலிருந்தோ கொடுக்கச் சொல்கிறது. ஈடிஎப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு எல்லா முதலாளியும் 3 சதவீதம் கட்டுகிறார்கள் அல்லவா, அதே மாதிரி ஆணோ பெண்ணோ எல்லா ஊழியர் பேரிலும் சிறு தொகை எடுத்து மகப்பேற்று நிதி ஒன்று வைக்கலாம். நாட்கூலிப் பெண்களுக்கு அரசாங்கம் தன் பங்கைப் போட வேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் வோட்டுக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: பிரசவத் திகதியைக் குறித்து முதலாளிக்குக் கடிதம் கொடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். அப்புறமும் மறுத்தால் அந்தப் பிரதியையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு திருகோணமலை தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.