விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லையா? பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். இந்த ஆண்டு செக்‌ஷன் மாற்றியதில் அவனுடைய பழைய நண்பர்கள் எல்லாரும் வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள். இடைவேளையில் யாரும் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று தினமும் அழுகிறான். அவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லுமாறு வகுப்பு ஆசிரியையைக் கேட்கலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஆசிரியையிடம் கட்டாயம் பேசுங்கள், ஆனால் இந்தக் கோரிக்கையை வைக்காதீர்கள். டீச்சர் சொன்னாரே என்பதற்காக அன்று ஒரு நாள் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள், மறுநாள் பழைய கதைதான். அவரிடம் முதலில் கேட்டறிய வேண்டியது வேறு. உங்கள் மகன் மற்றவர்கள் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கிறானா, அல்லது சேர்ந்து விளையாடப் போய் விரட்டப்படுகிறானா? வகுப்பில் எல்லாராலும் விரும்பப்படாத பிள்ளைகளையும், யாருமே கவனிக்காமல் விட்ட பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் 1980-களிலேயே தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கவனிக்கப்படாத பிள்ளைக்குப் பெஞ்சில் இணக்கமான ஒரு பிள்ளையின் பக்கத்தில் இடமும், இருவரும் சேர்ந்து நோட்டுகளை எடுத்துப்போய் ஆசிரியர் அறையில் வைப்பது போன்ற ஒரு சிறு வேலையும் கிடைத்தாலே பெரும்பாலும் பேச்சு தொடங்கிவிடும். ஆசிரியையிடம் கேட்க வேண்டிய உதவி அதுதான்.

விரட்டப்படுகிறான் என்றால், ஆட்டத்துக்குள் எப்படி நுழைகிறான் என்று பாருங்கள். அமெரிக்க உளவியலாளர்களான மார்த்தா புட்டால்லாஸும் ஜான் காட்மனும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்து 1981-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். பிறருக்குப் பிடித்தமான பிள்ளைகள், நடந்துகொண்டிருக்கும் விளையாட்டின் போக்கை அறிந்து அதோடு ஒட்டிப் பேசி உள்ளே போகிறார்கள். மற்றவர்களோ தங்களைப் பற்றிப் பேசியும், கேள்வி கேட்டும், சொல்வதை மறுத்தும் கவனத்தைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்து ஒதுக்கப்படுகிறார்கள். நம் பள்ளி மைதானத்தில் ‘கல்லா மண்ணா’ நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் ஓடிப்போய், “நானும் வரேன், நீங்க ஆடுறது தப்பு, எங்க தெருவுல வேற மாதிரி ஆடுவோம்” என்று சொல்லும் பையனை எந்தக் கூட்டமும் சேர்க்காது. அதே பையன் சற்று அருகில் நின்று, யார் பிடிப்பவன், கல் யாருடையது என்று பார்த்து, “டேய், பின்னாடி வரான் பாரு!” என்று ஓடுபவனுக்காக ஒரு குரல் கொடுத்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குச் ‘சா பூ த்ரீ’ போடும்போது கையை நீட்டினால், பெரும்பாலும் யாரும் அந்தக் கையைத் தட்டிவிடுவதில்லை. இதை வீட்டில் அப்பாவும் அக்காவும் ஆடுபவர்களாக நின்று நடித்தே பழக்கலாம். அவுட் ஆனால் அழாமல் வெளியே வருவதையும் அதே மூச்சில் பழக்குங்கள், ஏனெனில் சேர்த்துக்கொண்ட பிள்ளையை மறுநாள் கழற்றிவிடுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

கூடவே, ஒரு சனிக்கிழமை அவன் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழையுங்கள். மூன்று பேரானால் இருவர் சேர்ந்துகொண்டு ஒருவனை விட்டுவிடுவார்கள். இரண்டு மணி நேரம் போதும். யாருக்கும் தர மனமில்லாத பொம்மையை முன்பே பீரோவில் வைத்துவிடச் சொல்லுங்கள். டிவியையும் போனையும் அணைத்துவிட்டு, கேரம் பலகையைப் போட்டுக் கொடுத்து, நீங்கள் சமையலறையில் இருங்கள். யாரை அழைப்பது என்பதை அவனே சொல்லட்டும். எந்தத் தெருப் பிள்ளை, யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்று நாம் முகம் சுளிப்பதை எட்டு வயதுப் பிள்ளை நன்றாகவே படித்துவிடுகிறது. வகுப்பில் அது யாரை ஒதுக்கப் போகிறது என்பதற்கான பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளோடு அவளுடைய உயிர்த்தோழி ‘காய்’ விட்டுவிட்டாள். மனம் பொறுக்காமல் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போனில் கேட்டேன். இப்போது நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகளும் தோழியும் இந்நேரம் ‘பழம்’ விட்டிருப்பார்கள். அந்த அம்மாவிடம் நீங்களே முதலில் பேசிவிடுங்கள். இந்த வயதில் நட்பைப் பெரும்பாலும் கொடுக்கல் வாங்கலாகவே பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஸ்கெட்ச் பேனா தராதவள் அன்றைக்குத் தோழி இல்லை, அவ்வளவுதான். அடுத்த முறை அழுதுகொண்டு வந்தால், நடந்ததை முழுவதும் சொல்ல விட்டுவிட்டு, “அவள் ஏன் அப்படிச் செய்திருப்பாள் என்று நினைக்கிறாய்?” என்று மட்டும் கேளுங்கள். தீர்ப்பு சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒரே ஒரு நண்பன்தான். மற்ற நேரமெல்லாம் படம் வரைவான், கதைப் புத்தகம் படிப்பான். “இப்படியே விட்டால் கூச்ச சுபாவம் ஆகிவிடும், மேடைப் பேச்சு வகுப்பில் சேருங்கள்” என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவன் மகிழ்ச்சியாகப் பள்ளிக்குப் போய் வருகிறான் என்றால் ஒரு நண்பன் தாராளமாகப் போதும். மேடையில் பேசுவது வேறு திறமை, தோழமை வேறு. நன்றாக மேடையேறும் பிள்ளைகள் சிலர் இடைவேளையில் தனியாக நிற்பதும் உண்டு.

நீங்கள் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருவது, பென்சில் பாக்ஸ் உடைந்தும் புத்தகம் கிழிந்தும் திரும்பி வருவது, டிபன் டப்பா காலியாக இருந்தும் பசியோடு வீடு சேர்வது, கழிப்பறைக்குப் போகப் பயந்து மாலை வரை அடக்கிக்கொள்வது ஆகியவை. அவை தெரிந்தால், “நீயும் திருப்பி அடி” என்றோ “அனுசரித்துப் போ” என்றோ சொல்லி அந்தச் சுமையைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். என்று, எங்கே, யார், என்ன செய்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அடியோ மிரட்டலோ தொடர்ந்தால், குழந்தைகளுக்கான 1098 என்ற கட்டணமில்லா எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.