சதைப்பற்று போன்சாய்: இலை உதிர்ப்பும் பராமரிப்பும் – கேள்வி பதில்

குட்டி ஜேட் (போர்ட்டுலகேரியா) போன்சாயின் எல்லா இலைகளையும் ஒரேயடியாக உதிர்க்கலாமா? எப்போது, எப்படி?

நலமாக இருக்கும் மரமென்றால் தாராளமாக உதிர்க்கலாம். வறண்ட புதர்க்காடுகளில் யானைகள் மேய்ந்து தள்ளியும் மீண்டும் தழைக்கிற செடி இது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் வேர் பிடித்து, ஒரு பருவமாவது விறுவிறுவென்று தளிர்விட்ட மரத்தில் மட்டும் செய்யுங்கள். இரவு வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காத, செடி தீவிரமாக வளரும் மாதங்களே சரியான சமயம். குளிர் நெருங்கும்போது வேண்டாம்.

இரண்டு நாள் முன்பு தொட்டி முழுக்க நனையும்படி தண்ணீர் விடுங்கள். தண்டும் வேரும் நீர் நிரம்பியிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த பத்து நாளுக்கு மரம் அந்தச் சேமிப்பில்தான் வாழப் போகிறது. இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்தால் 'டப்'பென்று சுத்தமாகக் கழன்றுவிடும். கிளையோடு சேர்த்துக் கீழ்நோக்கி உருவாதீர்கள். இளந்தண்டின் தோல் நார்போல உரிந்து வரும், அத்தோடு மொட்டும் போகும். இலை கழன்ற இடத்தை உற்றுப் பாருங்கள்: தழும்புக்கு நேர்மேலே குண்டூசித் தலையைவிடச் சிறிய புடைப்பு ஒன்று இருக்கும். அதுதான் அடுத்த கிளை.

இலையை மட்டும் எடுத்துவிட்டு நுனிகளை அப்படியே விட்டால் பாதி வேலைதான் ஆகும். நுனி மொட்டு இருக்கும்வரை கீழே உள்ள கணுக்களை அது தூங்க வைத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கிளை நுனியையும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். வெட்டுக்கும் கணுவுக்கும் இடையே சில மில்லிமீட்டர் குச்சி நிற்கட்டும். அது காய்ந்து தானே விழும். கணுவை ஒட்டி வெட்டினால் காய்வது கணுவையும் தாண்டி இறங்கிவிடலாம்.

பிறகு மரத்தைப் பிரகாசமான, ஆனால் நடுப்பகல் வெயில் நேராக விழாத இடத்துக்கு மாற்றுங்கள். இதுவரை இலை நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெந்துவிடும். வெந்த பக்கம் மொட்டு வராது. தளிர்கள் அரை சென்டிமீட்டர் நீண்டதும் படிப்படியாக முழு வெயிலுக்குக் கொண்டுபோகலாம்.

இலை உதிர்த்து மூன்று வாரம் ஆகிறது. தளிரே காணோம், தண்டும் சுருங்குகிறது. தினமும் தண்ணீர் விடுகிறேன். இன்னும் கூட்டவா?

நிறுத்துங்கள். இந்த மரங்கள் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. வேர் உறிஞ்சும் நீரை மேலே இழுப்பது இலைதான். இலை இல்லாத மரத்துக்குத் தண்ணீர்ச் செலவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தொட்டியில் விட்டது தொட்டியிலேயே நிற்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே தண்டு சுருங்குகிறது. அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் விட்டால் அழுகல்தான் வேகமாகும்.

தண்டின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து மேலே மட்டும் சுருக்கம் என்றால் வேரில் இன்னும் உயிர் இருக்கிறது. தொட்டியைச் சாய்த்து வடியவிட்டு, மண் முழுக்கக் காயும்வரை காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். அடியில் கொழகொழவென்று அமுங்கினாலோ புளித்த வாடை அடித்தாலோ காத்திருக்காதீர்கள். வெளியே எடுத்து, பழுப்பு நிறம் கண்ட பகுதிக்கு மேலே, உள்ளே வெளிர்பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும் இடம் வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். மிஞ்சிய பகுதியை ஒரு வாரம் நிழலில் உலர்த்திப் புதிய குச்சியாக நடுங்கள்.

சரியான முறை இதுதான்: உதிர்த்த நாளிலிருந்து தண்ணீர் இல்லை. மொட்டுகள் புடைத்துச் சிவப்பாகத் தெரியத் தொடங்கியதும், மண்ணும் அடிவரை காய்ந்திருந்தால், ஒருமுறை விடுங்கள். வெப்பமான காலத்தில் இது பெரும்பாலும் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நடக்கும். இலை நிறைந்தபின் பழைய அளவுக்குத் திரும்பலாம். மண் காய்ந்ததா என்று தெரிய ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

இலை சிறிதாக வேண்டும் என்பதற்காகத்தான் உதிர்க்கிறேன். பலன் நிற்குமா?

புதிதாக வரும் முதல் இலைகள் சிறிதாகத்தான் இருக்கும். நிழலும் தழைச்சத்தும் கொடுத்தால் அடுத்த தளிரிலேயே பழைய அளவு வந்துவிடும். இலையைச் சிறிதாக்குவது நல்ல வெயிலும், அடிக்கடி நுனி கிள்ளுவதும், அளவான உரமும்தான். கிளையின் உள்பக்கத்துக்கு வெளிச்சம் காட்டவும், மறைந்த வடிவத்தைப் பார்த்துக் கவாத்து (கிளை வெட்டுதல்) செய்யவும், கம்பி கட்டவும், பூச்சியைக் கண்டுபிடிக்கவும்தான் இலை உதிர்ப்பு பயன்படுகிறது. இதில் எதுவும் தேவையில்லையென்றால் மரத்தைச் சும்மா விடலாம். வளரும் பருவத்தில் ஒருமுறைக்கு மேல் அவசியமே இல்லை.

உரம் பற்றி ஒரு வார்த்தை: உதிர்ப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு கொடுங்கள், அல்லது புது இலை விரிந்து முதிர்ந்தபின் கொடுங்கள். மொட்டையாக நிற்கும்போது வேண்டாம்.

உச்சி மட்டும் அடர்த்தியாகிறது, கீழ்க்கிளைகள் நோஞ்சானாக இருக்கின்றன. முழுசாக உதிர்த்தால் சமன் ஆகுமா?

ஆகாது. பலமுள்ள உச்சிதான் முதலில் தழைத்து, கீழே இருப்பதை மறுபடியும் மூடும். உச்சியிலும் வெளிச்சுற்றிலும் மட்டும் இலையை எடுங்கள். கீழ்க்கிளைகளிலும் உட்பகுதியிலும் ஒரு இலையைக்கூடத் தொடாதீர்கள், நுனியும் கிள்ள வேண்டாம். கீழ்க்கிளை தடிக்கும்வரை அதை நீளமாக ஓடவிட்டு, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

உச்சியில் தளிர் வரும்போது ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஜோடி இலை விட்டதும், ஒரு ஜோடி மட்டும் நிற்கும்படி கிள்ளுங்கள். போர்ட்டுலகேரியாவில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடி மேல்-கீழாக இருந்தால் அடுத்தது இடம்-வலமாக இருக்கும். மிச்சம் நிற்கும் ஜோடியின் இரண்டு கக்கத்திலிருந்தும் (இலையும் தண்டும் சேரும் மூலை) இரண்டு கிளை கிளம்பும். எனவே இடம்-வலமாக உள்ள ஜோடிக்கு மேலே கிள்ளினால் கிளை தட்டையாக விரியும். மேல்-கீழ் ஜோடியில் கிள்ள நேர்ந்தால் கீழ்நோக்கி வரும் மொட்டை அப்போதே தேய்த்துவிடுங்கள். கிள்ளும்போது இதைப் பார்த்துச் செய்தாலே கம்பி வேலை பாதி குறையும்.

பெரிய இலை ஜேட் (கிராசுலா) செடிக்கும் இதே முறையா?

இல்லை. கிராசுலா மெதுவாக மீளும். அதன் தடித்த இலைதான் அதற்கு முக்கியமான தண்ணீர்த் தொட்டி. அடித்தண்டிலும் கிளையின் உள்பக்கத்திலும் உள்ள முதிர்ந்த இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு நுனியிலும் இரண்டு ஜோடியாவது விடுங்கள். தண்டில் மோதிரம்போல் வரும் தழும்புதான் கணு. அதற்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்தே தளிர் வரும். கம்பி கட்டாதீர்கள். தண்டு மென்மையானது, வடு விழுந்தால் மறையாது.

அடினியத்தில் (பாலைவன ரோஜா) இலை உதிர்ப்பு தேவையா? கவாத்துக்குப் பிறகு கிளை அழுகுகிறது.

எடுப்பதென்றால் இலையைக் கையால் இழுக்க வேண்டாம். காம்பை விட்டுவிட்டு இலைப்பரப்பை மட்டும் கத்தரித்தால் காம்பு சில நாளில் தானே விழும், மொட்டுக்குச் சேதமில்லை. கையுறை கட்டாயம். அடினியத்தின் சாற்றில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அம்புமுனைகளில் பூசப்பட்ட நச்சு அது. வேலை முடிந்ததும் கத்தரியையும் கையையும் கழுவுங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வெட்டிய துண்டுகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் வெட்டுமுகத்தில் தேங்கும் தண்ணீர். வறண்ட நாளில், சாய்வாக வெட்டி, வடியும் சாற்றைத் துணியால் ஒற்றி, கந்தகத்தூளோ தாமிரப் பூஞ்சைக்கொல்லியோ தடவுங்கள். வெட்டு உலர்ந்து தோல் கட்டும்வரை மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மழையிலும் வைக்க வேண்டாம். குளிரில் தானாக இலை கொட்டினால் அது ஓய்வுக்காலம். தண்ணீரை வெகுவாகக் குறைத்தால் போதும்.

தொட்டி மாற்றுவதையும் இலை உதிர்ப்பையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

போர்ட்டுலகேரியா தாங்கும் என்று செய்பவர்கள் உண்டு. ஆனால் ஏதாவது கெட்டால் காரணம் வேரா, இலையா என்று தெரியாது. தொட்டி மாற்றி, புதுத் தளிர் வந்து வலுத்தபின் உதிர்ப்பது நல்லது.

மண்கலவையில் மூன்று பங்கு பியூமிஸோ (நுரைபோன்ற எரிமலைக் கல்) உடைத்த செங்கல்லோ, ஒரு பங்கு பெர்லைட் (சூட்டில் பொரிந்த எடை குறைந்த வெள்ளைக் கல்), ஒரு பங்கு மட்கிய உரம் போதும். கட்டிகள் 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். தூசியைச் சலித்து எறியுங்கள், வடிகாலை அடைப்பது அதுதான். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், உலர்ந்த கலவையில் நட்டு, ஐந்து முதல் ஏழு நாள் தண்ணீர் இல்லாமல் வையுங்கள். வெட்டிய வேர் ஆறவேண்டும்.

கம்பி கட்டினால் கிளை முறிகிறது.

நீர் நிரம்பிய கிளை கேரட்போல் ஒடியும். மண் காய்ந்து, இலை லேசாகத் தளர்ந்த நாளில் கட்டுங்கள். கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்குள்ள அலுமினியக் கம்பி போதும். மூன்றாம் வாரத்திலிருந்து வாரமொருமுறை பாருங்கள், சதைத்தண்டு வேகமாகப் பருத்துக் கம்பியை விழுங்கும். கழற்றும்போது சுற்றாமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். பாதி முறிந்த கிளையை உடனே பொருத்திக் கட்டினால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.

இலை எடுத்தபோது கணுவிடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தது.

மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள். வாரம் ஒருமுறை, தொடர்ந்து நான்கு வாரம் பாருங்கள், ஒருமுறை துடைப்பதில் முட்டைகள் தப்பிவிடும். அடுத்த முறை தொட்டி மாற்றும்போது வேரையும் பாருங்கள், அங்கே வாழும் வகையும் உண்டு.

வெள்ளை-பச்சை வரி இலை போர்ட்டுலகேரியாவை உதிர்க்கலாமா?

வேண்டாம். பச்சையம் குறைவு என்பதால் மெதுவாகத்தான் மீளும். நுனி கிள்ளுவது போதும். முழுப் பச்சையாக வரும் தளிர்களை மட்டும் அடியோடு வெட்டிவிடுங்கள், விட்டால் அவையே மரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெட்டியதைத் தூக்கிப் போட வேண்டாம். நான்கைந்து நாள் நிழலில் உலர்த்தி நட்டால் வேர்விடும், இலை உதிர்த்துப் பழக அந்தச் செடிகள் போதும்.