தாத்தாவின் கோபமும் பேத்தியின் ஜப்பானிய மொழியும்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். உறைவிடப் பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் என் மகள் ஜப்பானிய மொழிப் பாடம் எடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் ஓயாத சண்டை. என் மாமனாரின் தகப்பனாரை 1943-இல் தோட்டத்திலிருந்து ஜப்பான் ராணுவத்தினர் சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. “அவன் பேச்சு இந்த வீட்டில் கேட்கக் கூடாது” என்கிறார் மாமா. வேற்று மொழி கற்றால் பிறர் பண்பாட்டை மதிக்கும் மனம் வரும் என்கிறார்கள் பள்ளியில். யார் சொல்வது சரி?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனாரின் கோபத்தைக் கிழட்டுப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே பல மடங்கு அதிகமாக மாண்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் நம் தோட்டத்துச் சனம். உலகம் நினைவில் வைத்திருப்பதோ வெள்ளைக்காரக் கைதிகளைத்தான்.

பள்ளி சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாப் பள்ளிகளில் அவன் மொழியைப் புகட்டினார்கள், பிள்ளைகளும் படித்தார்கள். அதனால் யாருக்கு யார்மீது மதிப்பு வந்தது? உங்கள் மகள் தானாக விரும்பி எடுத்திருக்கிறாள். அது வேறு கதை.

அவளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் ஓர் உதாரணம் சொல்கிறேன். அயலாரிடம் பேசும்போதும் நாம் “அப்பா வந்தார்” என்றுதான் சொல்வோம். ஜப்பானியர் வெளியாரிடம் தம் தகப்பனாரையோ தம் மேலதிகாரியையோ பற்றிப் பேசும்போது மரியாதைச் சொற்களைக் கழற்றி வைத்துவிடுவார்கள். உயர்வெல்லாம் எதிரில் இருப்பவருக்கே. முதலில் கேட்கும்போது, பெரியவரை மதிக்கத் தெரியாத சனம் என்றுதான் நமக்குத் தோன்றும். வாயால் பேசிப் பழகிய பிறகுதான், தன் வீட்டைத் தாழ்த்திக்கொள்வதும் ஒரு பணிவு என்று பிடிபடும். நம் மரியாதை முறையைத் தவிர வேறு முறையே இல்லை என்ற எண்ணமும் அத்தோடு கழன்றுபோகும். பண்பாட்டை மதிப்பது என்று பள்ளியில் சொல்வது இதைத்தான். பள்ளி விழாவில் கிமோனோ கட்டிப் படம் எடுத்துக்கொள்வதை அல்ல.

தாகாஷி நாகாசே என்றொருவர் இருந்தார். ஜப்பானிய ராணுவத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர். அந்த ரயில் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளை வதைத்து விசாரித்தபோது கேள்வியையும் பதிலையும் மொழிபெயர்த்துச் சொன்ன வாய் அவருடையது. போருக்குப் பின் பலமுறை தாய்லாந்துக்குப் போய்ப் பரிகாரம் தேடினார். அந்த விசாரணையில் வதைபட்ட எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ்காரரை 1993-இல் அதே ஊரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். வதைக்குத் துணைபோன அதே ஆங்கிலம்தான் மன்னிப்புக்கும் உதவியது.

நம் ஆட்களின் கதையையும் ஜப்பானியரிடம் அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்லப் பிள்ளைகள் வேண்டாமா? மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மொழியைப் படிப்பதாலேயே மன்னித்துவிட்டதாக ஆகாது என்றும் சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், யார் வந்து அழைத்தது, கூடப் போனவர்கள் யார் யார் என்று கேட்டுத் தமிழிலேயே எழுதி வைக்கட்டும். ஜப்பானிய மொழியில் அதை எழுதும் அளவுக்குத் தேற அவளுக்குச் சில ஆண்டுகள் ஆகும். மாமா வாய் திறக்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அவராகப் பேசும்வரை அவள் பாடத்தை அவர் காதில் விழ உரக்கப் படிக்காமல் இருக்கட்டும்.