"அவளும் சம்மதித்தாள்" என்று சொன்னால்? போக்சோ குறித்த கேள்விகளும் என் பதில்களும்

நான் வழக்கறிஞர். ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். இப்போது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஆதரவு நபராக, காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றம் வரை கூடவே போகிறேன். சம்மத வயது, அதாவது உடல் உறவுக்கு ஒருவர் தரும் சம்மதத்தைச் சட்டம் ஏற்கத் தொடங்கும் வயது பற்றியும், பெரியவர்களின் பொறுப்பு பற்றியும் கேட்கலாம் என்று சொன்னதும் வந்த கடிதங்களில் பாதி, "பெயர் போட வேண்டாம்" என்றே தொடங்கின. யாருடைய பெயரையும் போடவில்லை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஆசிரியை, தேனி மாவட்டம்: எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் என்னிடம் வந்து அழுதாள். எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவர் தன்னைத் தவறாகத் தொட்டதாகச் சொன்னாள். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள், டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தலைமை ஆசிரியரோ, முதலில் நாமே விசாரிப்போம், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்கிறார். நான் என்ன செய்வது?

இவருக்கு அன்றே தனியாகப் பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதையே இங்கே தருகிறேன்.

இன்றைக்கே காவல் துறைக்குத் தெரிவியுங்கள். உங்கள் பகுதியின் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தும் உதவி கேட்கலாம். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்திருக்கிறது என்று அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. நிரூபிக்க முடிந்தவர்தான் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. தெரிந்தும் தெரிவிக்காவிட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. உங்கள் தலைமை ஆசிரியரிடம் இந்த இரண்டாவது வரியைப் படித்துக் காட்டுங்கள். பள்ளியின் பெயரைப் பற்றிய கவலை சற்றுக் குறையும்.

"நாமே விசாரிப்போம்" என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் கெட்டுப்போகின்றன. ஐந்து பெரியவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையை நிற்க வைத்துக் கேட்பார்கள். அவள் பயத்தில் பாதியைச் சொல்வாள், பாதியை விழுங்குவாள். பிற்பாடு நீதிமன்றத்தில், "பள்ளியில் ஒன்று சொன்னாய், போலீசில் ஒன்று சொன்னாய்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக வரும். இதற்கிடையில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தகவல் போய்விடும். கேமரா பதிவு அழிந்துவிடும். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு யாராவது பழத்தட்டோடு போய்விடுவார்கள்.

நீங்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். சத்தியம் மட்டும் செய்துவிடாதீர்கள். "இதை யாரிடம் சொல்லப் போகிறேன், எதற்காகச் சொல்கிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்வேன். உனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது" என்று சொல்லுங்கள். அது உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்கு.

இல்லத்தரசி, மதுரை: என் பாட்டிக்குப் பதின்மூன்று வயதில் திருமணம் நடந்தது. நன்றாகத்தான் வாழ்ந்தார். திடீரென்று 18 என்று கோடு போட்டது யார்?

திடீரென்று போடவில்லை. 150 ஆண்டுகள் ஆயின. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் எழுதப்பட்டபோது சம்மத வயது 10. ஆம், பத்து. வங்காளத்தில் ஃபுல்மணி தாசி என்ற பத்துப் பதினோரு வயதுச் சிறுமி, தன்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த கணவனால் காயமுற்று இறந்தாள். மனைவி பத்து வயதைத் தாண்டியவள் என்பதால் அவன்மீது பாலியல் வன்முறை வழக்கே போட முடியவில்லை. கிடைத்தது ஓராண்டு தண்டனை. அந்தச் சாவு கிளப்பிய கொந்தளிப்பில்தான் 1891-இல் வயது 12 ஆனது. அதற்கே மதத்தில் தலையிடுகிறார்கள் என்று பெரும் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் திலகரும் ஒருவர்.

பிறகு 1925-இல் 14, 1940-களில் 16. திருமண வயதுக்கென்று தனியாக 1929-இல் சாரதா சட்டம் வந்தது. அந்த நாட்களில் சென்னை மாகாண சட்டமன்றத்தில் குழந்தைத் திருமணத்துக்கு எதிராக நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1978-இல் பெண்ணின் திருமண வயது 18 ஆனது. 2012 நவம்பர் 14 அன்று போக்சோ நடைமுறைக்கு வந்தபோது சம்மத வயதும் 18 ஆனது.

பாட்டி நன்றாக வாழ்ந்தார் என்று நமக்குச் சொல்பவர் பெரும்பாலும் பாட்டியாக இருப்பதில்லை. உங்கள் பாட்டி உயிரோடு இருந்தால் ஒரு முறை தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

தந்தை, ஈரோடு: இந்தச் சட்டம் பெண் குழந்தைகளுக்கு மட்டும்தானா?

இல்லை. 18 வயது நிறையாத யாரும் குழந்தைதான், ஆணானாலும் பெண்ணானாலும். பையன்களுக்கு நடப்பது வெளியே வருவதே அரிது. "ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்" என்ற ஒரு வாக்கியம் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறது.

இளைஞர், திருச்சி: எனக்கு 19 வயது. நான் விரும்பும் பெண்ணுக்கு 17 வயது 4 மாதம். இருவருக்கும் சம்மதம். நான் குற்றவாளியா?

விரும்புவது குற்றமில்லை. ஆனால் உடல் உறவு என்று வந்தால், சட்டத்தின் கண்ணில் அவளுடைய சம்மதம் சம்மதமே ஆகாது. வயது வித்தியாசம் குறைவு என்றால் விலக்கு அளிக்கும் நாடுகள் உண்டு. நம் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர் என்றாலும் குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டுகள். பதினாறுக்குக் கீழ் என்றால் இருபது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை.

நீதிபதிகளுக்கே இதில் மனத்தாங்கல் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பதினாறுக்கு மேற்பட்டவர்களின் விருப்ப உறவைச் சட்டத்திலிருந்து விலக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பார்த்திபன் 2019-இல் யோசனை சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பதின்ம வயதுக் காதல் ஒன்றில் இளைஞர்மீது போடப்பட்ட வழக்கை ரத்து செய்தார். ஆனால் 2023 செப்டம்பரில் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில், வயதை 16 ஆகக் குறைக்க வேண்டாம், இத்தகைய வழக்குகளில் தண்டனை விஷயத்தில் நீதிமன்றத்துக்கு வழிகாட்டுதலுடன் கூடிய விருப்புரிமை தரலாம் என்றது.

என் கருத்தைக் கேட்டால், உங்களைப் போன்ற பையன்களைப் பத்து ஆண்டு சிறைக்கு அனுப்ப இந்தச் சட்டம் எழுதப்படவில்லை. சாதி மாறிக் காதலித்த மகளை மீட்கப் பெற்றோர் இதைக் கையில் எடுப்பதையும் நீதிமன்ற வாசலில் பார்த்திருக்கிறேன். அதற்காகக் கோட்டை 16-க்கு இறக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தைந்து வயது ஆளும் நாளை அதே "அவளும் சம்மதித்தாள்" என்ற வாதத்தோடு வருவான். நெருங்கிய வயதினருக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்பது என் நிலை. ஆனால் உங்கள் வழக்கு என் கருத்தின்படி நடக்காது, சட்டத்தின்படிதான் நடக்கும். எட்டு மாதம் பொறுங்கள். அவளை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டு மட்டும் போய்விடாதீர்கள். ஆள் கடத்தல் பிரிவும் சேர்ந்துகொள்ளும்.

தாய், விருதுநகர் மாவட்டம்: என் ஒன்பது வயது மகளிடம் கணவரின் தம்பி தவறாக நடந்துகொண்டார். மாமியார் காலில் விழுகிறார். "குடும்ப மானம் போய்விடும், அவனை ஊரைவிட்டே அனுப்பிவிடுகிறோம், எழுதிக்கூடக் கொடுக்கிறோம்" என்கிறார்கள். கணவர் பேசவே மாட்டேன் என்கிறார்.

அம்மா, முதலில் ஒன்று. உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்பது வயதில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவளிடம், "நீ சொன்னதை நான் நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை" என்று இன்றிரவே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எழுதிக் கொடுக்கும் காகிதத்துக்கு மதிப்பு எதுவும் இல்லை. இது இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான வாய்க்கால் தகராறா, பேசி முடித்துக்கொள்ள? ராஜஸ்தானில் மாணவியிடம் அத்துமீறிய ஆசிரியரின் வழக்கைச் சமரசத்தின் பேரில் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது. உறவினர் செய்தால் இந்தச் சட்டத்தில் தண்டனை கூடும், குறையாது. வீட்டுக்குள் சுதந்திரமாக வந்து போகிறவன் என்பதுதான் அதற்குக் காரணம். இன்னொரு ஊருக்கு அனுப்பினால் அங்கேயும் யாருடைய மகளோ இருப்பாள்.

புகார் கொடுத்ததும் என்ன நடக்கும் என்ற பயம் உங்களைத் தடுக்கலாம். மகளைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வாக்குமூலத்தை வீட்டிலேயே, அல்லது அவள் விரும்பும் இடத்தில் வாங்க வேண்டும். வருபவர் இயன்றவரை பெண் உதவி ஆய்வாளராக இருக்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும், உங்கள் முன்னிலையில். காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். ஆதரவு நபர் வேண்டும் என்று அங்கே கேளுங்கள். என்னைப் போல ஒருவர் வழக்கு முடியும்வரை உடன் வருவார்.

உங்கள் கணவரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் 19-ஆவது பிரிவு பொருந்தும் என்பதை மட்டும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர், சென்னை: சந்தேகம்தான் இருக்கிறது. புகார் கொடுத்து அது தவறாகப் போய்விட்டால் என்மீது வழக்கு வருமா?

நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது, சட்டமே சொல்கிறது. ஒருவரை அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான் தண்டனை. குழந்தை தவறான தகவல் தந்திருந்தாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

தன்னார்வலர், தருமபுரி மாவட்டம்: பதினாறு வயதுப் பெண்ணுக்கு அடுத்த வாரம் கோயிலில் கல்யாணம். "தாலி கட்டிவிட்டால் போக்சோ எப்படி வரும்?" என்கிறார்கள்.

வரும். மனைவிக்குப் பதினைந்து வயது நிறைந்திருந்தால் கணவனுக்கு விலக்கு என்று பழைய சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை 18 ஆக்கி அடைத்துவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சம்ஹிதையும் 18 என்றே சொல்கிறது. நடத்தி வைக்கும் பெற்றோர், புரோகிதர் எல்லோருக்கும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. 1098-க்கு இப்போதே சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சொன்னால் பெண்ணை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

கல்லூரி மாணவர், கோவை: ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. விழிப்புணர்வுக்காகப் பகிரலாமா?

கூடாது. பகிர்ந்தால் அந்தக் கொடுமையில் நீங்களும் ஒரு கை. அப்படிப்பட்டதை அழிக்காமல், புகாரும் செய்யாமல் பகிரும் எண்ணத்தோடு வைத்திருப்பதே குற்றம். தனிமையில் பார்ப்பது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இதை "ஆபாசப் படம்" என்று அழைப்பதே தவறு, இது ஒரு குழந்தைமீது நடந்த குற்றத்தின் பதிவு என்றும் சொன்னது. சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்யுங்கள். அந்தப் பிள்ளையின் முகம், பெயர், பள்ளி எதையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

மகப்பேறு மருத்துவர், ஊர் வேண்டாம்: பதினேழு வயதுப் பெண் கர்ப்பமாகத் தாயுடன் வந்தாள். போலீசுக்குத் தெரிவிப்பேன் என்றதும் எழுந்து போய்விட்டார்கள். எங்கே போனார்களோ என்று தூக்கமில்லை.

இந்தச் சிக்கலுக்காகவே 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. விருப்ப உறவால் கர்ப்பமான சிறுமி கருக்கலைப்புக்கு வந்து, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், நீங்கள் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை. இனி வருபவர்களிடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், டாக்டர். நாட்டு மருந்துக்காரரிடம் போகிறவர்கள் போலீசுக்குப் பயந்துதான் போகிறார்கள்.

வாசகர், யாழ்ப்பாணம்: எங்கள் நாட்டில்?

இலங்கையில் 1995 திருத்தத்துக்குப் பிறகு சம்மத வயது 16. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அவசர எண் 1929. அதற்கு மேல் உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள். நான் பழகிய நீதிமன்றங்கள் இங்கே இருப்பவை.

தாத்தா, தஞ்சாவூர்: பேத்தியைக் கூண்டில் ஏற்றிக் கண்டபடி கேள்வி கேட்பார்களாமே?

சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு மூடிய அறையில் நடக்கும். வழக்கறிஞர்கள் தங்கள் கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும். நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். குற்றவாளியின் முகத்தைக் குழந்தை பார்க்காதபடி திரையோ காணொளியோ இருக்கும். திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. ஓராண்டுக்குள் இயன்றவரை வழக்கை முடிக்க வேண்டும். இது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழுவதையும் பார்க்கிறேன். போகும்போது பேத்திக்குப் பிடித்த கதைப் புத்தகமும் தின்பண்டமும் எடுத்துக்கொண்டு போங்கள். காத்திருப்பதுதான் அங்கே பிள்ளைகளை அதிகம் களைப்பாக்குகிறது.

தேனி ஆசிரியை, இரண்டாவது கடிதம்: புகார் கொடுத்துவிட்டேன். அவரைக் கைது செய்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளை இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆசிரியர் அறையிலும் என்னோடு யாரும் பேசுவதில்லை.

ஆசிரியர் அறையை விடுங்கள். டீயை வகுப்பிலேயே குடியுங்கள்.

அவள் கோபமாக இருக்கட்டும். "ஏன் என்னிடம் பேசுவதில்லை" என்று கேட்டுவிடாதீர்கள். அவளைத் தனியாக அழைக்கவும் வேண்டாம். நோட்டுத் திருத்தும்போது மற்றப் பிள்ளைகளுக்கு எழுதுவதுபோலவே அவளுக்கும் எழுதுங்கள். மதிய இடைவேளையில், அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தீர்களோ அதே இடத்தில் தினமும் உட்காருங்கள்.