நோர்வேஜிய மொழி படித்தால் மற்ற ஜேர்மானிய மொழிகளும் புரிந்துவிடுமா?

நோர்வேஜிய மொழியைப் படித்துவிட்டால் அதே ஜேர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த டெனிஷ், சுவீடிஷ், ஐஸ்லாந்திக், ஜேர்மன் எல்லாம் தாமாகவே வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோர்வேயின் பேர்கன் நகரில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் இரண்டும் வரும், ஜேர்மன் பாதி வரும், ஐஸ்லாந்திக் வரவே வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மொழியியலார் வரையும் குடும்ப மரத்தின்படி நோர்வேஜிய மொழிக்கு இரத்த உறவு ஐஸ்லாந்திக்தான். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐஸ்லாந்தில் குடியேறியவர்களில் பலர் நோர்வேயின் மேற்குக் கரையிலிருந்து படகேறிப் போனவர்கள். டெனிஷும் சுவீடிஷும் கிழக்குக் கிளை, அதாவது பங்காளிகள். ஆனால் ஐஸ்லாந்திக் பத்திரிகையைக் கொடுத்தால் தலைப்பிலேயே தடுக்கி விழுவேன். டெனிஷ் பத்திரிகையைக் கோப்பி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடுவேன்.

டெனிஷ் இப்படி எளிதாக வருவதற்குக் காரணம் இலக்கணமல்ல, அரசியல். 1814 வரை நோர்வே டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. பைபிள், நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் எழுத்து டெனிஷ்தான். மன்னர் போன பிறகும் அந்த எழுத்து போகவில்லை. அதையே சிறிது சிறிதாக நோர்வேப் பேச்சுக்கு வளைத்து உருவாக்கியதுதான் இன்று பெரும்பாலானோர் எழுதும் பூக்மோல். இந்த ஒட்டுவேலை பிடிக்காத ஈவார் ஓசன் என்ற விவசாயி மகன், 1840களில் ஊர் ஊராக அலைந்து வட்டார வழக்குகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து வேறொரு எழுத்து மொழியையே கட்டி எழுப்பினார். அதற்கு இப்போதைய பெயர் நீநோர்ஷ்க். 1885இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம மதிப்புக் கொடுத்தது. ஆகவே இங்கே பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் படிக்க வேண்டும். என் மகள் இதற்காகப் புலம்பாத வாரமே இல்லை. புலம்பட்டும், எனக்கு நீநோர்ஷ்க்தான் அழகாகத் தெரிகிறது.

டெனிஷ் வரும் என்றேன் அல்லவா, அது கண்ணுக்கு மட்டும். காதுக்கு வருவது வேறு. டென்மார்க்காரர்கள் மெய்யெழுத்துகளில் பாதியைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். போதாததற்கு எண்கள். ஐம்பதை அவர்கள் 'இரண்டரை இருபது' என்ற கணக்கில் சொல்கிறார்கள். எழுபது மூன்றரை இருபது, தொண்ணூறு நாலரை இருபது. அதிலும் ஒன்றின் இலக்கம் முன்னால் வரும், 'இரண்டும் ஐம்பதும்' என்பதுபோல. நோர்வேயிலும் முன்பு ஒன்றின் இலக்கம்தான் முந்தி வந்தது. தொலைபேசி எண்களைச் சொல்வதில் குழப்பம் வருகிறது என்று தொலைபேசித் துறை வலியுறுத்த, 1951இல் அரசே வரிசையை மாற்றி அறிவித்தது. முதியவர்கள் சிலர் இன்னும் பழையபடிதான் சொல்கிறார்கள். எங்கள் குடும்பக் கல்யாணமொன்றில் டென்மார்க்கிலிருந்து வந்த பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் அவரவர் நாட்டு மொழியில் பேசிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் தமிழுக்கு மாறிவிட்டார்கள். பெரியவர்களுக்கு அதில் பரம திருப்தி!

சுவீடிஷ் இதற்கு நேர் எதிர். எழுத்து சற்று அந்நியமாகத் தோன்றும், பேச்சு தெளிவாகக் கேட்கும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஜேர்மன் எப்படிப் பாதி வரும்? பேர்கன் துறைமுகத்தில் ப்ரிக்கன் என்ற மரவீட்டு வரிசை இருக்கிறது. வட ஜேர்மன் நகரங்களின் வணிகக் கூட்டமைப்பான ஹான்சா, 14ஆம் நூற்றாண்டிலிருந்து 1754 வரை அங்கே பண்டகசாலை வைத்துக் கருவாடு வாங்கியது. அவர்கள் பேசியது இன்றைய ஜேர்மன் அல்ல, தாழ் ஜேர்மன் என்ற வடபுலத்து மொழி. ஹான்சா வணிகர்கள் போன துறைமுகங்களிலெல்லாம் அம்மொழி பரவியது. நோர்வேஜிய மொழியில் பணம் செலுத்துவதற்கும் பேசுவதற்கும், ஏன், 'ஆகு' என்ற அன்றாட வினைக்கும்கூட அங்கிருந்து வந்த சொற்கள்தான் வழங்குகின்றன. எனவே ஜேர்மன் சொற்களில் நிறையத் தெரிந்த முகங்கள் இருக்கும். இலக்கணத்தில்தான் அடி விழும். நோர்வேஜிய மொழி கழற்றி எறிந்துவிட்ட நான்கு வேற்றுமைகளையும் ஜேர்மன் விடாமல் வைத்திருக்கிறது. ஐஸ்லாந்திக்கும் அப்படியே, அதோடு இந்த ஹான்சாச் சொற்களும் அங்கே மிகக் குறைவு. அதனால்தான் அது இரட்டிப்பாக அந்நியப்படுகிறது.

ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். மற்ற ஜேர்மானிய மொழிகளில் சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். 'நாளை' என்று தொடங்கினால் அடுத்தது 'வருகிறேன்', அதன் பிறகே 'நான்'. இந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டது ஆங்கிலம்தான்.

வேலைக்காகக் கேட்கிறீர்கள் என்றால் நோர்வேஜிய மொழியோடு நிறுத்துங்கள். இங்குள்ள விளம்பரங்கள் பலவற்றில் 'ஸ்கண்டினேவிய மொழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்' என்றுதான் போட்டிருக்கும். டெனிஷ் பேச்சைப் பழக, டெனிஷ் தொலைக்காட்சித் தொடர்களை டெனிஷ் எழுத்தையே கீழே ஓடவிட்டுப் பாருங்கள். எந்த எழுத்தை விழுங்குகிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.