லினக்ஸையும் மேக்கையும் வைரஸ் தாக்காதா?

"வைரஸ் என்பது விண்டோஸின் நோய், லினக்ஸுக்கும் மேக்குக்கும் அந்தப் பயமே இல்லை" என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இது பாதி உண்மைதான்.

உலகின் மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸில் இயங்குவதால், வைரஸ் போன்ற தீநிரல்களை எழுதுவோர் முதலில் குறிவைப்பது அதையே. அதன் சில இயல்பமைப்புகளும் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. கோப்பின் வகையைச் சொல்லும் பின்னொட்டை விண்டோஸ் மறைத்துக் காட்டுவதால், 'ரசீது.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று வரும் கோப்பு திரையில் 'ரசீது.பிடிஎஃப்' என்றே தெரியும். ஆவணம் என்று நம்பிச் சொடுக்கினால் ஓடுவது நிரல். லினக்ஸிலோ, பதிவிறக்கிய நிரல்கோப்புக்கு இயங்கும் அனுமதி பொதுவாகத் தானாக வருவதில்லை. பயனர்தான் தர வேண்டும். சிறிய தடைதான் என்றாலும், என் பார்வையில் மிகவும் மதிப்புள்ள தடை.

ஆனால் எந்த இயங்குதளமும் தப்பியதில்லை. 1988இல் இணையத்தை நிலைகுலைய வைத்த மோரிஸ் புழு என்ற, தானாகப் பரவும் நிரல் பரவியது, லினக்ஸுக்கும் மேக்குக்கும் முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளக் கணினிகளில்தான். 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல், ஜாவா மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 6 லட்சம் மேக் கணினிகளுக்குள் புகுந்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல், லினக்ஸில் இயங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்ததைப் பயன்படுத்தியே கைப்பற்றியது.

இயங்குதளத்தின் பெயரைவிட, புதுப்பிப்புகளை உடனுக்குடன் நிறுவுகிறோமா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளில்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது.