கவுன்சில் கடிதத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வவுனியாவிலிருந்து பராமரிப்புப் பணியாளர் வீசாவில் வந்து, லண்டன் ஹரோவில் வேறு நான்கு பேருடன் ஒரு வீட்டில் வாடகைக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் வசிப்பவர்களின் விபரத்தை வாக்காளர் இடாப்புக்காகக் கேட்டு உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உடனிருப்பவர்களோ, "உன்னுடைய பெயரைக் கொடுக்காதே, நீ இந்த நாட்டுப் பிரஜை இல்லை, வீசாவுக்குப் பிரச்சினை வரும், வழக்கில் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கும் கூப்பிடுவார்கள்" என்று தடுக்கிறார்கள். பிரஜாவுரிமை கிடைக்கும்வரை இங்கே உங்களுக்கு என்ன உரிமை, என்ன கடமை என்பதே உங்கள் கேள்வி. இதைக் கேட்கத் தோன்றியதே எனக்கு மகிழ்ச்சி; கேட்காமலேயே பத்து வருடங்களைக் கழித்துவிட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் பெயரைக் கொடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நீங்கள் பொதுநலவாய நாடொன்றின் பிரஜை. செல்லுபடியாகும் வீசாவுடன் பிரித்தானியாவில் வசிக்கும், 18 வயது நிரம்பிய பொதுநலவாயப் பிரஜை எவரும் உள்ளூராட்சித் தேர்தலில் மட்டுமல்ல, பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இதற்கு நிரந்தர வதிவிட உரிமை தேவையில்லை. இத்தனை வருடங்கள் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை. இந்தியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்களுக்கும் இதே உரிமை உண்டு. நோர்வேயில் இருக்கும் நம்மவர்கள் பிரஜாவுரிமை இல்லாமல் வாக்களிப்பதென்றால் மூன்று வருடங்கள் காத்திருக்க வேண்டும், அதுவும் உள்ளூராட்சித் தேர்தலுக்கு மட்டும்தான். ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்கு அதுகூடக் கிடையாது. அவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் கையில் இருப்பது எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பிரித்தானியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டோர் எல்லோரும் ஒரே முடியின் குடிகள் என்ற பழைய கோட்பாட்டின் தொடர்ச்சி அது. பேரரசு கலைந்து நாடுகள் ஒவ்வொன்றாய்ச் சுதந்திரம் பெற்றபோதும், 1948ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் அந்தத் தொடர்பை அறுக்காமல், இலங்கையின் பெயரையும் சேர்த்தே எழுதி வைத்தது. அதே 1948இல்தான் இலங்கைப் பாராளுமன்றம் தன்னுடைய பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, இலட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டில் அவர்களுடைய வாக்குரிமையும் பறிபோனது. எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமையை உறுதிசெய்யும் சட்டம் வர 2003 ஆயிற்று. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து உங்கள் வவுனியாவில் குடியேறிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். இடாப்பில் பெயர் இல்லாத ஒரு சனத்துக்கு வீதியும் பள்ளிக்கூடமும் எவ்வளவு மெதுவாக வரும் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த நாட்டிலிருந்து வந்த நாம், கதவுக்குள் வந்து விழுந்த கடிதத்தைப் பதில் எழுதாமல் குப்பையில் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை.

உடனிருப்பவர்கள் சொல்லும் பயங்களைப் பார்ப்போம். வீசாவுக்கு இதனால் எந்தக் கேடும் இல்லை. உங்கள் வீசாவில் 'பொது நிதியைப் பெறக்கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். அது அரச உதவிப் பணங்களைப் பற்றியது, வாக்குரிமையை அது தொடாது. சட்டம் தந்த உரிமையின்படி உண்மையான விபரத்தைக் கொடுத்துப் பதிவது குற்றமாக முடியாது. பொய் விபரம் கொடுப்பதுதான் குற்றம். அதேவேளை கடிதத்துக்குப் பதில் கட்டாயம் என்று அதில் எழுதியிருந்தால், பதில் அனுப்பாமல் விடுவதற்கு 1,000 பவுண்கள் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

சில வீடுகளில் இந்தப் பயத்தைக் கிளப்புபவர் வீட்டு உரிமையாளராகவே இருப்பார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஒருவர் மட்டுமே வசிப்பதாகக் காட்டினால் கவுன்சில் வரியில் 25 வீதம் கழிவு கிடைக்கும். அத்தோடு, ஒரே குடும்பத்தைச் சேராத 5 பேரோ அதற்கு மேற்பட்டோரோ சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வசிக்கும் வீட்டை வாடகைக்கு விட, உரிமையாளர் கவுன்சிலிடம் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். நீங்கள் சொன்ன கணக்கின்படி உங்கள் வீட்டில் 5 பேர். தீ எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, வெளியேறும் வழி அடைபடாமல் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த அனுமதிப்பத்திரத்தோடு சேர்ந்த நிபந்தனைகள். பெயர்கள் வெளியே வரக்கூடாது என்று ஒருவர் வற்புறுத்தினால், யாருடைய நன்மைக்காக வற்புறுத்துகிறார் என்று யோசியுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. ஊரில் கிராம சேவையாளர் கொண்டுவரும் படிவத்தில் குடும்பத் தலைவர் எல்லோருடைய பெயரையும் எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடும். இங்கே 2014 முதல் முறை வேறு. வீட்டுக்கு வரும் கடிதத்துக்குப் பதில் அனுப்புவதால் மட்டும் உங்கள் பெயர் இடாப்பில் ஏறாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசாங்க இணையத்தளத்தில் பெயர், முகவரி, பிறந்த திகதி, எந்த நாட்டுப் பிரஜை என்ற விபரம், தேசிய காப்புறுதி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். பின்னர் மனைவி உங்களோடு வந்து சேர்ந்தால், அவரும் தன் பெயரில் தானே பதிய வேண்டும். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதிய வேண்டும். அறை அறையாக மாறிக்கொண்டிருக்கும் புதியவர்கள் இடாப்பிலிருந்து தவறிப்போவது பெரும்பாலும் இதனால்தான். தேர்தல் வந்தபின் பதிந்துகொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். வாக்களிப்புக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பதிவு மூடப்பட்டுவிடும். விண்ணப்பத்தின்போது, எவரும் விலைக்கு வாங்கக்கூடிய 'திறந்த இடாப்பில்' பெயர் வேண்டாம் என்று குறிக்கும் வசதியும் உண்டு, அதைக் குறித்துவிடுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் முழு இடாப்பைப் பார்த்தே முகவரியை உறுதிப்படுத்துவதால், பின்னர் வங்கிக் கடனுக்கும் கைத்தொலைபேசி ஒப்பந்தத்துக்கும் போகும்போது அந்தப் பதிவு உங்களுக்குக் கைகொடுக்கும்.

தேர்தல் வழமையாக வியாழக்கிழமையில் நடக்கும், காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை. இரவுப் பணி முடிந்து வருபவருக்கும் நேரம் இருக்கிறது. 2023 முதல் இங்கிலாந்தில் படத்துடன் கூடிய அடையாள ஆவணம் கட்டாயம். உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டே போதும். பெரும்பாலும் பாடசாலையிலோ தேவாலய மண்டபத்திலோதான் வாக்குச் சாவடி இருக்கும். உள்ளே பொலிஸ் காவலரணோ துப்பாக்கியோ இராது. மேசையில் இருக்கும் அலுவலர் இடாப்பில் உங்கள் பெயரைத் தேடிக் கோடிட்டுவிட்டு வாக்குச் சீட்டைத் தருவார். மரத்தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில் தொங்கும். விருப்பு இலக்கம் எதுவும் இல்லை, புள்ளடி மட்டும்தான்: பாராளுமன்றத்துக்கு ஒன்று, கவுன்சிலுக்கானால் சீட்டில் எத்தனை பேரைத் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை. முதன்முறை அந்தத் தடுப்புக்குள் நின்றபோது, வெளியே யாரும் எனக்காகக் காத்து நிற்கவில்லை, யாருக்குப் போட்டாய் என்று கேட்பாரில்லை என்ற நிம்மதியில் சற்று நேரம் அப்படியே நின்றேன்.

அந்த இரகசியத்தைக் காப்பது ஒரு கடமை. நம் வீடுகளில் தபால் வாக்குச் சீட்டுகள் வந்ததும் வீட்டுத் தலைவர் மேசையில் பரப்பி வைத்து எல்லாவற்றிலும் தானே புள்ளடியிட்டு, மற்றவர்களிடம் கையொப்பம் மட்டும் வாங்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இது குற்றம். சாவடியிலும் ஒருவரின் வாக்கைத் திருப்பும் எண்ணத்தோடு அவருடன் தடுப்புக்குள் போய் நிற்பதை 2023இல் வந்த ஒரு சட்டம் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. மனைவியின் வாக்கு மனைவியினுடையது, அம்மாவின் வாக்கு அம்மாவினுடையது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் வேட்பாளர்கள் சொல்வதைத் தமிழில் விளக்குங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று உடனிருப்பவர்கள் கேட்டால், உங்களுக்கு அயலிலேயே இருக்கும் ஹெண்டன் தொகுதியைச் சொல்லுங்கள். 2024 பொதுத் தேர்தலில் அங்கே வெற்றிக்கும் தோல்விக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 15 வாக்குகள். அதே தேர்தலில்தான் ஸ்ராற்பேட் அன்ட் போ தொகுதியில் உமா குமாரன், ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட முதல் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானார். ஆனாலும் என் எண்ணத்தில் உங்கள் அன்றாட வாழ்வை அதிகம் தொடுவது கவுன்சில்தான். குப்பை, நூலகம், வீதி விளக்கு, வீட்டு வசதி மட்டுமல்ல, நீங்கள் வேலை செய்யும் பராமரிப்புத் துறைக்குப் பணம் ஒதுக்குவதிலும் பெரும்பங்கு அதனுடையது. அதற்கு வாக்களிக்க வருகிறவர்களோ பொதுத் தேர்தலுக்கு வருகிறவர்களிலும் மிகக் குறைவு.

ஜூரியைப் பற்றி அவர்கள் சொன்னது பாதி உண்மை. இடாப்பிலிருந்துதான் குலுக்கல் முறையில் பெயர் எடுப்பார்கள். ஆனால் 13 வயதுக்குப் பிறகு குறைந்தது ஐந்து வருடங்கள் தொடர்ச்சியாகப் பிரித்தானியாவில் வசித்திருந்தால் மட்டுமே அந்தப் பணிக்குத் தகுதி. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அழைப்பு வந்தால் வழமையாகப் பத்து வேலை நாட்கள். முதலாளி லீவு தந்தாக வேண்டும், சம்பளம் தரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இழந்த வருமானத்துக்கு நீதிமன்றம் ஒரு எல்லைக்குட்பட்ட தொகையைத் தரும். மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு இது பாரம்தான், அதை நான் மறைக்கவில்லை. தக்க காரணம் இருந்தால் ஒருமுறை தள்ளிப்போடலாம்.

எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். பணியாளர் ஒருவர் கெட்டி அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, விவிலியமா, குர்ஆனா, கீதையா, அல்லது சமயம் சாராத உறுதிமொழியா என்று ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். சான்றுகளுக்கு ஏற்ப உண்மையான தீர்ப்பை வழங்குவேன் என்று வாய்விட்டு வாசித்தபோது என் குரல் நடுங்கியது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஜூரி இல்லாமல், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தை வைத்தே தண்டிக்கப்பட்ட பெடியன்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரின் சுதந்திரத்தை அரசு, வீதியில் போகிற 12 சாதாரண மனிதர்களிடம் நம்பி ஒப்படைத்தது. அவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன். அந்த அறைக்குள் பேசியதை எவரிடமும், வீட்டிலும்கூட, என்றைக்கும் சொல்லக்கூடாது. வழக்கைப் பற்றி இணையத்தில் தேடுவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதிலிருந்து தப்புவதற்காக வாக்குரிமையை விடச் சொல்பவர்கள், எதை விடச் சொல்கிறார்கள் என்று அறியாமல் பேசுகிறார்கள்.

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையிலும் உங்களுக்கு உரிமைகள் உண்டு. உங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரை, நீங்கள் வாக்களித்தீர்களா, யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதெல்லாம் இல்லாமல், அத்தொகுதியில் வசிப்பவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சந்திக்கலாம். என் அயலில் ஒரு குடும்பத்தின் குடிவரவு விண்ணப்பம் மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தபோது, உறுப்பினரின் அலுவலகம் எழுதிய ஒரு கடிதத்துக்குப் பிறகே கோப்பு அசைந்தது. எழுதும்போது முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் கட்டாயம் போடுங்கள். தங்கள் தொகுதியைச் சேராதவரின் கடிதத்தை அவர்கள் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். பொது அமைப்பு எதனிடமும் அதன் கையிலுள்ள தகவலைக் கேட்க 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது. எந்த நாட்டவர் என்று கேட்க மாட்டார்கள், 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும், தொழிற்சங்கத்திலும் சேரலாம். வீசாவைக் காட்டிப் பயமுறுத்தும் முதலாளிகள் பராமரிப்புத் துறையில் இருக்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

பிரஜாவுரிமை பிறகு எதைச் சேர்த்துத் தரும் என்றும் கேட்டிருந்தீர்கள். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்ததுமே, பிரஜையாகாமலே நீங்கள் கவுன்சிலுக்குப் போட்டியிடலாம். பிரஜையாவதற்கு 24 கேள்விகள் கொண்ட பரீட்சையில் 18க்குச் சரியான விடை வேண்டும்; அதன்பின் ஒரு வைபவத்தில் சத்தியப்பிரமாணம். அதற்கு விண்ணப்பிக்க முன்னரே இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமையைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். பிரஜையானபின் நீங்கள் வீசா அனுமதியில் தங்கியிருப்பவர் அல்லர். வாக்குரிமையில் ஒரு மாற்றமும் வரும்: இப்போது நாட்டை விட்டுப் போனால் அந்த உரிமை இங்கேயே நின்றுவிடும்; பிரித்தானியப் பிரஜையாகிவிட்டால், வெளிநாட்டில் எத்தனை வருடங்கள் இருந்தாலும் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். 15 வருட வரம்பை 2024 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். ஓய்வுக் காலத்தில் வவுனியாவுக்கே திரும்பிப் போனாலும், அங்கிருந்தபடி பதிந்து, நீங்கள் இங்கே கடைசியாக வாக்காளராகப் பதிந்திருந்த முகவரியின் தொகுதிக்கு வாக்களிக்க முடியும்.